ஐந்து மைக்ரான் பிழை

2020 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை மாலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற ஊரின் தேவாலயக் கூடத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு பயிற்சிக்குக் கூடியது. ஸ்காஜிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழு என்று பெயர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். கொரோனா பற்றிய செய்தி அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. அதனால் வாசலில் கைகளுக்குக் கிருமிநாசினி வைத்திருந்தார்கள். வழக்கமாகக் கட்டித் தழுவிக்கொள்பவர்கள் அன்று தள்ளியே நின்று வணக்கம் சொன்னார்கள். அதன்பின் இரண்டரை மணி நேரம் பாடினார்கள். நடுவில் கால் மணி நேர இடைவேளை. ஆரஞ்சும் பிஸ்கட்டும் இருந்தன. பயிற்சி முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்று வந்திருந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு மூன்று நாளாக லேசான சளி. சில நாட்களில் மொத்தம் 53 பேர் நோயில் விழுந்தார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

அந்த மாலை நேரத்தைப் பிற்பாடு ஆய்வாளர்கள் நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்த்தார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார், யார் எதைத் தொட்டார், எந்தக் கதவு திறந்திருந்தது என்று விசாரித்தார்கள். சளி பிடித்திருந்தவர் பின்னர் நோயுற்ற ஐம்பது சொச்சம் பேரையும் தொட்டிருக்க முடியாது. அவர் முகத்துக்கு நேர் எதிரில் அத்தனை பேரும் நின்றிருக்கவும் முடியாது. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அந்தக் கூடத்தின் காற்று.

இது நடந்து பதினெட்டாம் நாள், மார்ச் 28 அன்று, உலக சுகாதார நிறுவனம் சமூக வலைத்தளங்களில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோவிட்-19 காற்றில் பரவும் நோய் இல்லை என்பது உண்மைத் தகவல் என்று அதில் அழுத்தமாகச் சொல்லியிருந்தது. வதந்திகளைத் தடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மக்கள் அதை நம்பித் தங்கள் கவலையைக் கைகளின் பக்கமும் பொருள்களின் பக்கமும் திருப்பினார்கள். நம் வீடுகளில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பால் பாக்கெட்டைச் சோப்பு நீரில் கழுவினோம். காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தோம். கதவுக் கைப்பிடியைத் துடைத்தோம். அதே நேரத்தில் எல்லாக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஒரே அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஓராண்டு கழித்து, 2021 ஏப்ரலில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கை வெளியிட்டது. கிருமி ஒட்டியிருக்கும் பரப்பை ஒரு முறை தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது அது. கை கழுவுவது வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. வயிற்றுப்போக்கு முதல் எத்தனையோ நோய்களை அது தடுக்கிறது. இந்த நோய் வந்த வாசல் வேறு, அவ்வளவுதான்.

உலகின் மிகச் சிறந்த மருத்துவர்கள் கூடியிருந்த இடத்தில் இவ்வளவு பெரிய பிசகு எப்படி நேர்ந்தது? அதற்குப் பின்னால் நூறாண்டுக் கதை ஒன்று இருக்கிறது. அறிவியலில் எண்களை ஏன் அவ்வப்போது எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் மூச்சைப் பார்த்துவிடலாம். நாம் பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட, வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஈரத் துகள்கள் வெளியே வருகின்றன. குரல் உயர உயர அவற்றின் எண்ணிக்கையும் கூடுகிறது. சில துகள்கள் கண்ணுக்குத் தெரியும் எச்சில் துளிகள். பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாதவை. இவற்றை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 100 மைக்ரான் அளவுள்ள துளி ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஐந்து விநாடியில் தரைக்கு வந்துவிடும். 5 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துகள் என்றால் அசையாத காற்றிலேயே பன்னிரண்டு மணி நேரம் மிதக்கும். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓட்டின் வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தத் தூசி விழுவதாகவே தெரியாது.

1934-இல் இதை முதன்முதலில் கணக்காக எழுதியவர் வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த பொறியாளர். பெரிய துளி ஈரம் காயும் முன்பே தரையில் விழும், சிறிய துளி விழும் முன்பே காய்ந்து சுருங்கிக் காற்றோடு கலந்துவிடும் என்று அவர் கண்டுபிடித்தார். இரண்டையும் பிரிக்கும் கோடு ஏறத்தாழ 100 மைக்ரான் என்றார். இந்த 100 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்ஸ் சொன்னதை மருத்துவ உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. கெட்ட காற்றுதான் எல்லா நோய்க்கும் காரணம் என்று பல நூற்றாண்டுகளாக நம்பியிருந்தார்கள். காலரா தண்ணீரில் வருகிறது, மலேரியாவைக் கொசு கொண்டுவருகிறது என்று ஒவ்வொன்றாக நிரூபித்த பிறகுதான் அந்த நம்பிக்கை தளர்ந்தது. சார்ல்ஸ் சேப்பின் என்ற சுகாதார அதிகாரி 1910-இல் எழுதிய நூலில், நோய் காற்றில் வருகிறது என்ற பயத்தை மக்கள் விட்டால்தான் கை கழுவும் பழக்கம் வரும் என்ற பொருளில் வாதாடினார். அருகில் இருப்பவர்களுக்குத்தானே நோய் அதிகம் தொற்றுகிறது, காற்றில் மிதந்துபோனால் தூரத்தில் இருப்பவர்களுக்கும் வர வேண்டுமே என்பது அவர் பக்கத்து நியாயம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

நம் அடுக்களையில் வைத்து அந்த நியாயத்தைச் சோதிக்கலாம். வரமிளகாய் வறுக்கும்போது கிளம்பும் நெடியில் முதலில் இருமுவது யார்? அடுப்பருகே நிற்பவர். அந்த நெடி கல்போலப் பறந்து அவர்மேல் மட்டும் விழுகிறதா? காற்றில்தான் பரவுகிறது. பக்கத்தில் அடர்த்தி அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. ஜன்னல் சாத்தியிருந்தால் கொஞ்ச நேரத்தில் கூடத்தில் செய்தித்தாள் படிப்பவரும் இருமுவார். அருகில் இருப்பவருக்கு நோய் வருகிறது என்பதால் அது காற்றில் வரவில்லை என்று ஆகிவிடாது. சேப்பின் தவறவிட்ட இடம் இது. அவருக்குப் பின் வந்த மூன்று தலைமுறை மருத்துவர்களும் இதே இடத்தில் சறுக்கினார்கள்.

வெல்ஸ் விடவில்லை. அவருடைய மாணவர் ரிச்சர்ட் ரைலி 1950-களின் இரண்டாம் பாதியில் பால்டிமோர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஒரு சோதனையை அமைத்தார். காசநோயாளிகள் தங்கியிருந்த சிறிய பிரிவின் காற்று முழுவதையும் குழாய்கள் வழியே மேல்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கூண்டுகளில் கினிப்பன்றிகள். அவை நோயாளிகளைக் கண்ணால் பார்த்ததில்லை. அவற்றுக்கும் நோயாளிகளுக்கும் நடுவே இருந்த ஒரே தொடர்பு அந்தக் காற்று. மாதங்கள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாகக் கினிப்பன்றிகளுக்குக் காசநோய் வந்தது. இன்னொரு அறையில் வைத்திருந்த கினிப்பன்றிகளுக்கும் அதே காற்றுதான் போனது, ஆனால் வழியில் புற ஊதா விளக்கின் ஒளி பட்டுப் போனது. அவற்றில் ஒன்றுக்கும் நோய் வரவில்லை. காசநோய் காற்றில் பரவுகிறது என்பதை அதன்பின் யாரும் மறுக்க முடியவில்லை.

பால்டிமோரில் இது நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நம் சென்னையிலும் காசநோய் பற்றி ஒரு சர்வதேச ஆய்வு நடந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினரைத் தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதியினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் சுத்தமான காற்றும் கிடைத்தவர்கள்தான் குணமாவார்கள் என்றுதான் அன்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1959-இல் வந்த முடிவு வேறுவிதமாக இருந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகம் தொற்றவில்லை. மருந்து உள்ளே போனதும் நோயாளி காற்றில் கிருமி விடுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது என்பதைப் பிற்பாடு ரைலியின் கினிப்பன்றிகளும் காட்டின. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு நீண்டநாள் மனக்குறை.

இனிப் பிழைக்கு வருகிறேன். காசநோய்க் கிருமி நுரையீரலின் அடியாழத்தில் உள்ள காற்றுப்பைகளைப் போய்ச் சேர்ந்தால்தான் வேரூன்றும். அவ்வளவு ஆழத்துக்குப் போகக்கூடிய துகள்கள் ஏறத்தாழ 5 மைக்ரானுக்குக் குறைந்தவை மட்டுமே. இது காசநோய்க்கு மட்டும் உரிய கணக்கு. வெல்ஸின் 100, எது மிதக்கும் எது விழும் என்பதற்கான கணக்கு. எங்கேயோ ஓரிடத்தில் இந்த இரண்டும் குழம்பிப்போயின. 5 மைக்ரானுக்கு மேற்பட்டதெல்லாம் விழுந்துவிடும், அதற்குக் குறைந்தது மட்டுமே மிதக்கும் என்று பாடப்புத்தகங்களில் ஏறியது. ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொன்று எழுதியது. மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். மருத்துவமனை விதிகள் அதன்மேல் எழுந்தன. ஆறடி தள்ளி நின்றால் போதும் என்ற நம்பிக்கையும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது.

இதைத் தோண்டி எடுத்தவர்கள் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். காற்றுத்துகள்களை ஆராயும் பொறியாளர் லின்சி மார் இயற்பியல் கணக்கைப் போட்டுப் பார்த்தார். 5 மைக்ரான் துகள் விழுந்துவிடும் என்பது கணக்கில் எங்குமே பொருந்தவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்த எண்? ஆய்வு மாணவி கேட்டி ராண்டல், வரலாற்றாசிரியர் டாம் யூயிங் ஆகியோர் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஒன்றன் அடியில் ஒன்றாகத் தேடிக்கொண்டே போனார்கள். மேற்கோள் காட்டிய நூல் இன்னொன்றைக் காட்டியது, அது மற்றொன்றைக் காட்டியது. தடம் காசநோய் ஆராய்ச்சிக் காலத்தில் போய் நின்றது. பெருந்தொற்றின் நடுவே, ஆய்வகத்தை விட்டுப் பழைய நூலகத்தில் கிடைத்த விடை இது.

வெளியே அப்போது சான்றுகள் குவிந்துகொண்டிருந்தன. சீனத்தின் குவாங்சோ நகரில் 2020 ஜனவரி 24 அன்று, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், ஓர் உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மூன்று குடும்பங்கள் மதிய உணவு சாப்பிட்டன. ஒரு குடும்பம் வூகானிலிருந்து வந்தது. அந்த மூன்று குடும்பங்களிலும் சேர்த்துப் பத்துப் பேருக்கு நோய் வந்தது. பரிமாறியவர்களுக்கு வரவில்லை, தள்ளியிருந்த மேசைகளில் இருந்தவர்களுக்கும் வரவில்லை. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் லி யுகுவோ கண்காணிப்புக் கேமராப் பதிவை ஆராய்ந்தார். அந்தக் குடும்பங்களுக்குள் நெருங்கிய தொடுதல் எதுவும் அதில் தெரியவில்லை. உணவகத்தில் காற்றின் தடத்தைக் காட்டும் சுவடுவாயுவை விட்டுக் காற்றோட்டத்தை அளந்தார்கள். ஏசி அந்த மூன்று மேசைகளின் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றியிருந்தது. வெளிக்காற்று உள்ளே வரவே வழியில்லை. ஆளுக்கு ஒரு விநாடிக்கு ஒரு லிட்டர்கூடப் புதுக்காற்று கிடைக்கவில்லை. 2003-இல் சார்ஸ் நோய் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியபோதும், குளியலறைக் கழிவுக்குழாய்களின் வழியே காற்றில் கிருமி ஏறியதைக் கணக்கிட்டுக் காட்டியவர் இதே லி யுகுவோதான்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லிடியா மொராவ்ஸ்கா இருந்தார். போலந்தில் பிறந்த இயற்பியலாளர். 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே பல நாட்டு வல்லுநர்கள் 36 பேரைத் திரட்டி உலக சுகாதார நிறுவனத்திடம் முறையிட்டார். பலன் இல்லை. ஜூலையில் 32 நாடுகளைச் சேர்ந்த 239 விஞ்ஞானிகளின் ஆதரவோடு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியானது. காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள நேரம் வந்துவிட்டது என்பது அதன் சாரம். பொறியாளர், இயற்பியலாளர், மருத்துவர், கட்டட வல்லுநர் என்று வெவ்வேறு துறையினர் அதில் கையெழுத்திட்டார்கள். அதே மாதம் நிறுவனம் கொஞ்சம் இறங்கிவந்தது. ஆனால் ‘காற்றில் பரவும்’ என்ற சொல்லைத் தன் பொதுமக்கள் பக்கத்தில் தெளிவாக எழுத 2021 டிசம்பர் ஆயிற்று. அதற்குள் டெல்டா வகை வந்து நம் நாட்டில் ஆக்சிஜனுக்காக மக்கள் தெருவில் அலைந்த கோடை கடந்துபோயிருந்தது.

அப்போது அந்த நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர் சௌம்யா சுவாமிநாதன். சேத்துப்பட்டில் மேலே சொன்ன அதே மையத்தில், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் இடத்தில், நெடுங்காலம் காசநோயை ஆராய்ந்தவர். 2022 நவம்பரில் பதவியை விட்டு விலகும்போது ஒரு நேர்காணலில், கிடைத்த சான்றுகளை வைத்து இன்னும் வெகு முன்பே காற்றுவழிப் பரவலை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பெரிய பதவியில் இருந்தவர்கள் இப்படிச் சொல்வது அரிது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். 2024 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் சொற்களையே மாற்றிக்கொண்டது. துளி, நுண்துளி என்று 5 மைக்ரானில் கோடு போடும் பழைய பிரிவினையைக் கைவிட்டு, நோய் பரப்பும் சுவாசத்துகள்கள் என்று எல்லா அளவையும் ஒரே பெயரில் அழைக்கத் தொடங்கியது.

முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைரஸ் 0.1 மைக்ரான்தான், கவசத்தின் துளைகள் அதைவிடப் பெரியவை, அப்புறம் எப்படித் தடுக்கும் என்று ஒரு வாதம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. வைரஸ் தனியாகப் பறப்பதில்லை, ஈரத்துகளுக்குள் உட்கார்ந்துதான் வருகிறது. தவிர, என்95 கவசம் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. அதன் இழைகளில் மின்னேற்றம் இருக்கிறது. அருகில் வரும் துகளை அது இழுத்து ஒட்டிக்கொள்கிறது. பங்களாதேஷில் 2020-21-இல் 600 கிராமங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்க, வங்கதேச ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். கவசம் கொடுத்து ஊக்குவித்த ஊர்களில் அணிபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகத்தான் உயர்ந்தார்கள். அவ்வளவுக்கே, சர்ஜிக்கல் கவசம் கொடுத்த ஊர்களில் அறிகுறியோடு வந்த தொற்று 11 சதவீதம் குறைந்தது. அறுபதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது.

ஆனாலும் கவசத்தை ஆயுள் முழுவதும் அணிய முடியாது. காற்றை மாற்றலாம். இதில் என் மனதில் ஆழமாகப் பதிந்த ஆய்வு பெருந்தொற்றுக்குப் பதிமூன்று ஆண்டுகள் முந்தியது. 2007-இல் வெளிவந்தது. ராடெரிக் எஸ்கோம்ப் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் எழுபது அறைகளின் காற்றோட்டத்தைக் குழுவினரோடு அளந்தார். நவீன இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் மணிக்கு 12 முறை காற்று மாறியது. 1950-க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் எதிரெதிர் வாசல்களும் கொண்ட பழைய வார்டுகளில் ஜன்னலைத் திறந்தால் மணிக்கு ஏறத்தாழ 40 முறை மாறியது. காசநோயாளிகளோடு 24 மணி நேரம் இருந்தால் நூற்றில் எத்தனை பேருக்குத் தொற்றும் என்று கணித்தார்கள். இயந்திர அறையில் 39 பேர். பழைய வார்டில் 11 பேர். அந்த வார்டுகளுக்கு மின்சாரமும் வேண்டாம், பராமரிப்பு ஒப்பந்தமும் வேண்டாம். மெட்ராஸ் காலத்து அரசு மருத்துவமனைக் கட்டடங்களில் ஆள் உயர ஜன்னலும் மேலே காற்றுப் போக்கியும் வைத்துக் கட்டியவர்களுக்கு மைக்ரான் கணக்கு தெரியாது. ஆனால் காற்று நிற்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. அவற்றில் பலவற்றை இன்று பொய்க்கூரை போட்டு, ஜன்னலை அடைத்து, ஸ்ப்ளிட் ஏசி மாட்டி மூடிவிட்டோம். ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை.

காற்று போதுமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்குதான். ஒரு வகுப்பறையில் அந்த அளவு 2000-ஐத் தொட்டால், கணக்குப்படி ஒவ்வொரு 25 மூச்சிலும் ஒரு மூச்சு, அறையில் இருக்கும் யாரோ ஒருவரின் நெஞ்சுக்குள் ஏற்கெனவே போய் வந்தது. அளக்கும் கருவி உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. குடிநீருக்குத் தரம் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு உரிமமும் சோதனையும் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் ஒரு நாளில் ஆறு மணி நேரம் அடைபட்டிருக்கும் வகுப்பறைக் காற்றுக்கு எந்தப் பள்ளியிலாவது யாராவது அளவு எடுத்திருக்கிறார்களா?

அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது வகுப்பறை ஜன்னல்களை ஒருமுறை கையால் தள்ளிப் பாருங்கள். ஆணி அடித்திருந்தாலோ, பின்னால் பீரோ நின்றாலோ தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அதைத் திறக்கவைக்கும் வரை விடாதீர்கள்.